கோய்க் குளத்தில் பாசியும் கலங்கலும்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் முறை

வீட்டுத் தோட்டத்தில் கோய்க் கெண்டை வளர்ப்பவர்கள் குளத்துத் தண்ணீர் பச்சையாக மாறியதும் பதறிப்போய் மருந்து தேடுகிறார்கள். அதே தண்ணீர் அரிசி களைந்த நீரைப் போல வெளுத்திருந்தால், இரண்டு நாளில் தானாகத் தெளிந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். மீனின் நலனைக் கொண்டு பார்த்தால் இந்த வரிசை தலைகீழானது. ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் கோய் வளர்ப்போர் கோடை முழுவதும் மீன்களை விட்டு வளர்க்கும் மண்குளங்களில் தண்ணீர் பச்சையும் கலங்கலுமாகவே இருக்கும். இலையுதிர் காலத்தில் வலை போட்டு எடுக்கும்போது மீன்கள் நல்ல உடற்கட்டோடு வருகின்றன. அந்தக் குளங்கள் பெரியவை, மீன் நெருக்கம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் பச்சை நிறம் தன்னளவில் நோயல்ல என்பதற்கு அதுவே போதுமான சான்று. ஆகவே கீழே உள்ள அறிகுறிகளை, மீனுக்கு எது அவசரம் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

நிறமில்லாத ஒரு லிட்டர் பாட்டிலைக் கழுவி, குளத்தின் நடு ஆழத்திலிருந்து தண்ணீரை முகந்து, ஓர் இரவு முழுவதும் அசையாத இடத்தில் வைக்க வேண்டும். காலையில் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மண் அல்லது மீன் கழிவுத் துகள். பச்சை அப்படியே நின்றால் நீரில் மிதக்கும் நுண்பாசி. வண்டலும் படியாமல், பச்சையும் இல்லாமல், புகை படிந்தது போல வெளுத்தே இருந்தால் பாக்டீரியாப் பெருக்கம். தண்ணீர் தெளிவாக இருந்தும் தேநீர் நிறம் தெரிந்தால் இலைச்சாறு.

அடுத்து, சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் கொண்டு அமோனியா, நைட்ரைட், பி.எச். (நீரின் அமில-கார அளவு), காரத்தன்மை (பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) ஆகிய நான்கையும் அளந்து, நேரத்தோடு குறித்துவைக்க வேண்டும். பி.எச். அளவை மட்டும் விடியற்காலையில் ஒரு முறையும் மாலை நான்கு மணியளவில் ஒரு முறையும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு அளவு ஏமாற்றிவிடும் என்பதற்கான காரணம் பச்சைத் தண்ணீரைப் பற்றிய பகுதியில் வருகிறது.

மூன்றாவது, குளத்தின் கொள்ளளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வரும் கன அடியை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குளத்தில் ஏறத்தாழ 6,800 லிட்டர் இருக்கும். வளைந்து நெளிந்த குளமானால், லாரித் தண்ணீர் விட்டு நிரப்பும்போது லாரியின் கொள்ளளவைக் கொண்டே கணக்கை முடித்துக்கொள்ளலாம். இந்த எண் தெரியாமல் உப்பைக்கூடப் போடக் கூடாது.

தண்ணீர் வெளுத்து, மங்கலாக இருக்கிறது

இதுதான் அவசரம். தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமக் கழிவைத் தின்று பெருகிய பாக்டீரியாவே இந்த வெண்மை. அது பெருகும் வேகத்தில் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் இதே சமயத்தில் அமோனியாவும் ஏறியிருக்கும். ஏனென்றால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே: பில்டரால் சமாளிக்க முடியாத அளவு கழிவு.

பில்டர் ஏன் சமாளிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். குளம் புதிதென்றால் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பில்டர் ஊடகத்தில் (உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச், மேட் போன்றவற்றில்) இன்னும் குடியேறியிருக்காது. நம் ஊர் வெப்பத்திலும் அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளம் பழையதென்றால், கடந்த சில நாள்களில் யாராவது ஸ்பாஞ்சையும் பில்டர் மேட்டையும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பளிச்சென்று கழுவினார்களா என்று விசாரிக்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அந்த நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். ஊடகத்தை எப்போதும் குளத்து நீரை ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு முறை முக்கி எடுத்தால் போதும். பழுப்பு நிறம் ஒட்டியிருப்பது அழுக்கல்ல, அதுதான் பில்டர்.

மின் கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் மோட்டாரை நிறுத்திவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. குளிப்பதற்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் இதுவும் ஒன்றல்ல. பில்டரில் ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா மடியத் தொடங்குகிறது. காலையில் மோட்டாரைப் போட்டதும் அழுகிய கழிவு அப்படியே குளத்துக்குள் பாய்கிறது. நெடுநேர மின்தடைக்குப் பிறகும் இதே ஆபத்து உள்ளதால், மூடிய பிரஷர் பில்டர் வைத்திருப்பவர்கள் மின்சாரம் வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, அழுகிய முட்டை வாடை வந்தால் முதலில் வரும் தண்ணீரைக் குளத்தில் விடாமல் செடிகளுக்குத் திருப்பிவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை. அமோனியா தென்பட்டால் உடனே தீனியை நிறுத்த வேண்டும். வளர்ந்த கோய் ஒரு வாரம் தீனியில்லாமல் இருப்பதால் எதுவும் ஆகிவிடாது. ஏர் பம்ப்பில் கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோனை இணைத்து இரவு பகலாக ஓட விட வேண்டும். குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொண்டு 20 முதல் 25 சதவீதம் வரை மாற்றி, மறுநாள் மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் மீண்டும் மாற்ற வேண்டும். குளோரினை நீக்கச் சோடியம் தயோசல்பேட் படிகம் போதும். 1 கிராம் குளோரினுக்கு 7 கிராம் என்பது பாதுகாப்பான கணக்கு. அதாவது லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இது பொட்டலமாகவே கிடைக்கும்.

அமோனியா எவ்வளவு நஞ்சாகிறது என்பதை பி.எச். தான் தீர்மானிக்கிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே நஞ்சு வடிவில் இருக்கும். 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். 9 ஆனால் 40 சதவீதத்தைத் தாண்டும். எனவே நீண்ட நாள் தண்ணீர் மாற்றாமல் பி.எச். இறங்கிப்போன குளத்தில், காரம் மிகுந்த போர்வெல் தண்ணீரை ஒரே மூச்சில் பாதிக்குளம் நிரப்புவது, அதுவரை அடங்கியிருந்த அமோனியாவை நஞ்சாக மாற்றிவிடும். சிறிது சிறிதாக மாற்றச் சொல்வது இதனால்தான்.

அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறினால், 1,000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது. அமோனியாவை உறிஞ்ச ஜியோலைட் போட்டிருந்தால், உப்பைச் சேர்ப்பதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். உப்பு பட்டதும் ஜியோலைட் தான் பிடித்துவைத்த அமோனியாவைத் திரும்ப விட்டுவிடும்.

நீரின் மேல் பெயிண்ட் கொட்டியது போன்ற நீலப்பச்சைப் படலம்

ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும். இழை இழையாகத் தொங்கினால் அது இழைப்பாசி. அதற்குரிய பகுதிக்குச் செல்லலாம். குச்சியில் வண்ணம் பூசியது போல ஒட்டி, மண்வாடையோ அழுகல் வாடையோ வீசினால் அது நீலப்பச்சைப் பாசி. பெயரில் பாசி என்றிருந்தாலும் அது பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. அதன் சில இனங்கள் நஞ்சு சுரப்பவை. மருந்தடித்து ஒரே நாளில் கொன்றால் செல்கள் உடைந்து நஞ்சு முழுவதும் தண்ணீரில் கலக்கும். ஆகையால் கையுறை போட்டுக்கொண்டு படலத்தை வலையாலும் முறத்தாலும் ஒதுக்கி அள்ளி எடுத்து, நீரோட்டத்தை அதிகரித்து, தண்ணீரைத் தவணை முறையில் மாற்றுவதே சரி. அள்ளியதை நாயும் கோழியும் வாய்வைக்காத இடத்தில் புதைக்க வேண்டும்.

தண்ணீர் முழுவதும் பச்சை

நுண்பாசிக்கு வெயில், நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய மூன்றும் வேண்டும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மற்ற இரண்டையும் மீன் தீனியின் வழியாக நாமே நாள்தோறும் கொட்டுகிறோம். பச்சைத் தண்ணீர் மீனுக்கு நேரடியாகக் கேடு செய்வதில்லை என்றாலும், அது பகலில் ஒன்றும் இரவில் வேறொன்றும் செய்கிறது. பகலில் பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் மாலைக்குள் பி.எச். 9-ஐத் தொடலாம், அப்போது சிறிதளவு அமோனியாவும் நஞ்சாகும். இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடியும் முன் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்துவிடும். வெப்பமான நீர் இயல்பாகவே குறைந்த ஆக்சிஜனைத்தான் தாங்கும்; 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். காலை ஆறு மணிக்கு மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பதும், எட்டு மணிக்கு எதுவும் நடக்காதது போல நீந்துவதும் இதன் அடையாளம். காலை, மாலை பி.எச். அளவுகளுக்கு இடையே ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தாலும் இதையே ஐயப்பட வேண்டும். ஏர் பம்ப் முக்கியமாக ஓட வேண்டிய நேரம் இரவு.

நிறத்தைப் போக்க, நம்பகமான கருவி யு.வி. (புறஊதாக் கதிர்) விளக்குதான். 4,000 லிட்டருக்கு 10 வாட் என்பது கைக்கணக்கு. முழு வெயிலில் உள்ள குளத்துக்கு அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். சரியான விளக்கு இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை மறைந்துவிடும். விளக்கு இருந்தும் பச்சை போகவில்லையென்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, விளக்கின் வயது: ஓராண்டு இடைவிடாமல் எரிந்த விளக்கு நீல ஒளி காட்டிக்கொண்டிருந்தாலும், பாசியைக் கொல்லும் புறஊதாக் கதிர் அதில் வெகுவாகக் குறைந்திருக்கும். இரண்டாவது, விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாய்: போர்வெல் தண்ணீர் ஓடும் குளங்களில் அதைக் கழற்றிப் பார்த்தால், குளியலறைக் குழாயில் படிவதைப் போன்ற வெள்ளை உப்புப் படலம் விரல் நகத்தில் சுரண்டும் அளவுக்கு இருக்கும், வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போய்விடும். மூன்றாவது, மோட்டாரின் வேகம்: விளக்கின் பெட்டியில் குறித்துள்ள ஓட்ட அளவைவிட வேகமாகத் தண்ணீர் பாய்ந்தால், பாசியின் மேல் கதிர் படும் நேரம் போதாது. விளக்கு எரியும்போது அதை நேராகப் பார்க்கக் கூடாது. கழற்றும் முன் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

விளக்கு வேலை செய்யத் தொடங்கியதும் செத்த பாசி திரண்டு பில்டரை அடைக்கும். அந்த இரு வாரங்களில் ஸ்பாஞ்சை இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை அலச வேண்டிவரும். இதைச் செய்யாமல் விட்டால் பச்சை போய் மேலே சொன்ன வெண்மை வந்து நிற்கும்.

யு.வி. நிறத்தை நீக்குமே தவிர, பாசிக்கு உணவாகும் சத்தை நீக்காது. தீனியை ஐந்து நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்குக் குறைப்பது, வாரந்தோறும் 10 சதவீதத் தண்ணீரை மாற்றுவது, குளத்தின் மேல் 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை கட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மிச்ச வேலை நடக்கும். இடம் இருந்தால், பில்டரிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஜல்லி நிரப்பிய ஒரு தனித்தொட்டி வழியாக விட்டு, அதில் கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் ஆகியவற்றை நடலாம். இவை நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வேரால் உறிஞ்சி வளர்பவை. இச்செடிகளைக் குளத்துக்குள்ளேயே நட்டால் கோய் வேரைத் தோண்டித் தின்றுவிடும் என்பதால் தனித்தொட்டி அவசியம். ஆகாயத்தாமரையும் சத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதை வாரம் ஒரு முறை பாதிக்குப் பாதி அள்ளி எருக்குழியில் போடத் தயாராக இருப்பவர்கள்தான் அதை வளர்க்க வேண்டும், தோட்டத்துக்கு வெளியே அது போகவே கூடாது.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்னும் தாமிர உப்பு) போட்டால் பச்சை உடனே போகும் என்று அறிவுரை சொல்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். போகும், காரத்தன்மை குறைந்த தண்ணீரில் மீனும் அதனுடன் போகும். தாமிரம் பாசியைக் கொல்லும் அளவுக்கும் மீனின் செவுளைத் தாக்கும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. வீட்டுக் குளத்தில் அதைப் பயன்படுத்த நியாயமே இல்லை என்பது என் கருத்து.

சுவரிலும் அருவிக் கல்லிலும் இழை இழையாகத் தொங்கும் பாசி

இழைப்பாசி வளரும் குளத்தில் தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். தெளிந்த நீரில் வெயில் அடிவரை இறங்குவதால்தான் அது செழிக்கிறது. யு.வி. விளக்கின் வழியாக மிதந்து செல்லாததால் இதன்மேல் விளக்குக்கு அதிகாரம் இல்லை. சுவரில் ஓர் அங்குலத்துக்குள் படர்ந்த குட்டைப் பாசியை அப்படியே விட்டுவிடலாம். அது சத்தை உறிஞ்சுகிறது, கோய் அதை மேய்கிறது. நீளமாக வளர்ந்து மோட்டாரின் வலையை அடைப்பதைத்தான் அகற்ற வேண்டும். சொரசொரப்பான ஒரு மூங்கில் குச்சியை உள்ளே விட்டு ஒரே திசையில் சுழற்றினால் இழைகள் சுற்றிக்கொண்டு மொத்தமாக வெளியே வரும். அகற்றியதைக் கரையிலேயே போட்டு வைக்கக் கூடாது. மழையில் அதன் சாறு மீண்டும் குளத்துக்குள் இறங்கும்.

தேநீர் நிறம்

இலைச்சாற்றின் வேலை. குளத்தின் மேல் பாதாம் மரம் கவிந்திருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. அந்த மரத்தின் காய்ந்த இலை மிக அடர்ந்த பழுப்புச் சாற்றை விடும். மீனுக்கு இதனால் கேடில்லை. இலை அடியில் குவிந்து அழுகுவதுதான் கேடு. இலையை அள்ளிவிட்டு, பில்டரில் ஒரு வலைப்பையில் செயலூட்டிய கரியைப் போட்டு, தண்ணீரைப் படிப்படியாக மாற்றினால் நிறம் போய்விடும். கரி சில வாரங்களில் செயலிழந்துவிடும் என்பதால் புதிதாக மாற்ற வேண்டும்.

செம்மண் கலங்கல்

மழைக்குப் பின் வந்ததென்றால் தோட்டத்து வெள்ளம் குளத்துக்குள் வழிகிறது என்று பொருள். கரையை நாலு அங்குலம் உயர்த்தாமல் வேறு எது செய்தும் பயனில்லை. மழையில்லாமலே கலங்கினால், தொட்டிச் செடிகளின் மண்ணைக் கோய் கிளறுகிறது. மண்ணின் மேல் முட்டை அளவுக் கூழாங்கற்களைப் பரப்ப வேண்டும். படிகாரம் போடும் வழக்கம் குடிநீர்க் குடத்துக்குச் சரி. குளத்தில் அது காரத்தன்மையைக் கரைத்து பி.எச்.-ஐ இறக்கும், ஏற்கெனவே மழைநீரால் காரத்தன்மை குறைந்திருக்கும் நேரத்தில் இது இரட்டை அடியாகும். தேத்தாங்கொட்டையும் பானைக்கே உரியது.

பெருமழைக்குப் பிறகு கலங்கல் இல்லாவிட்டாலும் காரத்தன்மையை அளப்பது நல்லது. பில்டர் பாக்டீரியா 1 கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற 7 கிராமுக்கு மேல் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே போனால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாக, ஓரிரு நாளில் பரவலாக ஊற்றி ஏற்றலாம்.

விட்ட தண்ணீர் சில மணி நேரத்தில் துருநிறமாகிறது

போர்வெல் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரிகிறது. அந்தத் துகள் செவுளில் படியும். நேராகக் குளத்துக்குள் விடாமல், மேல்நிலைத் தொட்டியிலோ டிரம்மிலோ ஒரு நாள் காற்றூட்டி, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் இரும்பு இல்லாதவர்களும் இதைச் செய்வது நல்லது.

கலையாத நுரை

கரைந்த புரதக் கழிவே நுரையாக நிற்கிறது. தீனியைக் குறைத்து, தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரே இரவில் திடீரென்று நுரை பொங்கி, மீன் வாடை அடித்து, மீன்கள் களைத்துக் கிடந்தால் அவை முட்டையிட்டிருக்கின்றன. கரையோரச் செடிகளிலும் வேர்களிலும் கடுகளவு மணிகள் ஒட்டியிருக்கும். அன்றைக்கே கால்பங்குத் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்த வேண்டும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மீன்கள் சரியில்லை

புதிய சிமென்ட் தொட்டியானால் முதலில் பி.எச்.-ஐப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு இறங்கி 10-ஐத் தாண்டியிருக்கலாம். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவைத்துக் கொட்டும் பழைய வழக்கத்தைப் பின்பற்றினாலும் சரி, வெறும் தண்ணீரை நிரப்பிப் பல முறை இறைத்தாலும் சரி, பி.எச். 8.5-க்குக் கீழே ஒரு வாரம் நிலைத்து நின்ற பிறகே மீனை விட வேண்டும். தொட்டி பழையதென்றால் அமோனியாவும் நைட்ரைட்டும். அவை கண்ணுக்குத் தெரியாதவை, தெளிந்த நீரிலும் இருப்பவை. அவையும் இல்லையென்றால் மீன்கள் உடலைச் சுவரில் உரசுகின்றனவா, துடுப்புகளை ஒடுக்கி ஒரு மூலையில் நிற்கின்றனவா என்று கவனித்து, ஒட்டுண்ணிச் சோதனைக்காக ஒரு மீனின் செதில்மேல் உள்ள கோழையை நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன் குளத்தில் எந்த மருந்தையும் ஊற்றக் கூடாது.